பத்திக்கு நடுவே விட்ட இடம்

டீச்சர் வெள்ளைப் பலகையில் நீலப் பேனாவால் ஒரு பெரிய கட்டம் போட்டார். அதற்குள் எழுத்து எதுவும் எழுதாமல் வெறும் கோடுகளாக இழுத்துக்கொண்டே வந்தார். நான்கு கோடுகள் முழு நீளம். ஐந்தாவது பாதியில் நின்றது. கொஞ்சம் இடம் விட்டு, சற்று உள்ளே தள்ளி மறுபடியும் கோடுகள். "இதுதான் பத்தி. ஒரு விஷயம் முடிஞ்சா நிறுத்திடுங்க. அடுத்ததைப் புதுசா ஆரம்பிங்க" என்றார். பெங்களூர் வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில், டிரைவர்கள் உட்காரும் அறையில் அந்த வகுப்பு நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் இன்றும் நடக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் பம்ப் ரூமில்தான் எனக்கு வேலை. ஆனாலும் நான் இப்போது போவதில்லை.

டீச்சருக்கு இருபத்தாறு வயது இருக்கும். கோயம்புத்தூர்ப் பக்கம். அதே குடியிருப்பில் வாடகைக்கு இருந்துகொண்டு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய்வந்தார். எங்களில் பலருக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது என்று தெரிந்து, யாரும் கேட்காமல் தானாகவே வந்து தமிழ் சொல்லிக்கொடுத்தார். இதை மறைக்க நான் விரும்பவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு நாற்பத்தேழு வயதில் நேராக எழுத வந்தது அவரால்தான். நான்கு பேர் நடுவில் எனக்கு வாய் திறக்க வராது. திறந்தால் முதலில் சொல்ல வேண்டியது கடைசியிலும் கடைசியில் சொல்ல வேண்டியது முதலிலும் வந்து விழும். பத்தி எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. மோட்டார் ஓடிய நேரம் ஒரு பத்தி, குழாய் ஒழுகியது ஒரு பத்தி என்று பம்ப் ரூம் நோட்டிலேயே எழுத ஆரம்பித்தேன். சூப்பர்வைசர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, தண்ணி விடச் சொன்னா தொடர்கதை எழுதுற" என்று கிண்டல் செய்தார். அந்தக் கிண்டல்கூட எனக்குப் பிடித்திருந்தது.

வகுப்பில் பத்திக்கு ஒத்துவராத ஒரே ஆள் அக்கா. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து, ஏ பிளாக்கில் தரை துடைக்கும் வேலை செய்தார். எல்லோருக்கும் அவர் அக்காதான். நோட்டில் மேல் ஓரத்திலிருந்து கீழ் ஓரம் வரை இடமே விடாமல் எழுதுவார். வரி முடிந்து அரை அங்குலம் மிஞ்சினால் அங்கே ஒரு கோடாவது இழுத்து வைப்பார். டீச்சர் சிவப்புப் பேனாவால் சுழித்துக் காட்டியபோது அக்கா சொன்னார்: "வெள்ள வுட்டா வேற எவனாவது எழுதுவான் டீச்சர்." நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. முன்பு வேலை செய்த தையல் கம்பெனியில் லீவுக்கு என்று சொல்லி, பாதி காலியாக இருந்த தாளின் அடியில் கையெழுத்து வாங்கினார்களாம். திரும்பிப் போனபோது அந்தத் தாளில் அவர் தானாகவே வேலையை விட்டதாக எழுதியிருந்ததாம். டீச்சர் முகம் வாடிப்போய், "இங்க அப்படியெல்லாம் நடக்காது அக்கா. பத்தி இல்லாம எழுதினா படிக்கிறவங்களுக்குப் புரியாது" என்றார். நானும் அதற்குத் தலையாட்டினேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் காலை, அக்கா துடைத்துக்கொண்டிருந்த லிஃப்ட் வாசலில் மூன்றாம் மாடிப் பெரியவர் ஒருவர் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஈரத்தரை என்று காட்டும் மஞ்சள் பலகை அங்கே இல்லை. அக்காவிடம் பலகையே கிடையாது. இருந்த நான்கில் மூன்று உடைந்து மாதக்கணக்காகிவிட்டது. நல்ல நிலையில் இருந்த ஒன்றை, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று கிளப் ஹவுஸ் முன்னால் நிறுத்தியிருந்தார் சூப்பர்வைசர். அக்கா மூன்று முறை கேட்டதும், அவர் கன்னடம் கலந்து "சொல்பா அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்றதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். இப்போது அவரே வந்து, நடந்ததை எழுதிக்கொடுக்கச் சொன்னார். எழுதுவதைப் பொறுத்துத்தான் வேலை இருக்குமா போகுமா என்பது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா பம்ப் ரூமில் என் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினார். எப்போதும் போல ஓரத்திலிருந்து ஓரம் வரை, ஒரே மூச்சாக. படித்துப் பார்த்தேன். பலகை கேட்ட விஷயம் நடுவில் எங்கேயோ புதைந்து கிடந்தது. அது கண்ணில் படாமலே போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. அதனால் அவரை வற்புறுத்தினேன். என் வாழ்க்கையில் நான் யாரையும் வற்புறுத்தியது அந்த ஒரு தடவைதான். "அக்கா, மூணு பத்தியாப் பிரிங்க. நீங்க என்ன வேலை செஞ்சீங்க, அவர் எப்படி விழுந்தார், பலகை ஏன் இல்ல. மூணும் தனித்தனியா நிக்கட்டும்." அக்கா எழுதிய தாளை என்னிடமே விட்டார். "நீ சொல்றன்னு எழுதுறேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, புதுத் தாள் எடுத்து, பத்திக்குப் பத்தி ஒரு வரி இடம் விட்டு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முதலில் எழுதியதை நான் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் வைத்தேன் என்று தெரியாது. எழுதிய தாளைக் கசக்கிப் போட எனக்கு மனசு வராது.

அந்தக் கடிதம் ஒரு நாள் முழுக்க சூப்பர்வைசர் மேஜையில் இருந்தது. மறுநாள் குடியிருப்போர் அசோசியேஷன் ஆபீசுக்கு அக்காவைக் கூப்பிட்டார்கள். செக்ரட்டரிக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது. அதனால் கடிதத்தைப் படித்துச் சொல்ல டீச்சரை வரவழைத்திருந்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. அக்கா கேட்டதால் கூடப் போய்க் கதவோரம் நின்றேன். டீச்சரைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. அவர் தெளிவாகப் படித்தார். முதல் பத்தி சரி. இரண்டாம் பத்தி, பெரியவர் விழுந்தது. அதன் பிறகு, "எச்சரிக்கைப் பலகை வைக்க மறந்துவிட்டேன்" என்று படித்தார். அடுத்தது, பலகையே தரவில்லை என்ற மூன்றாம் பத்தி.

"முதல்ல மறந்துட்டேன்னு எழுதறாங்க, அப்புறம் தரலைன்னு சூப்பர்வைசர் மேல பழி போடறாங்க" என்றார் செக்ரட்டரி. அக்கா எட்டித் தாளைப் பார்த்தார். இரண்டாம் பத்திக்கும் மூன்றாம் பத்திக்கும் நடுவே, நான் விடச் சொன்ன இடத்தில், அந்த வரி உட்கார்ந்திருந்தது. "இது நான் எழுதல சார்" என்றார். சூப்பர்வைசர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எச்சரிக்கை என்ற சொல்லை அக்கா பேசி நான் கேட்டதும் இல்லை, எழுதிப் பார்த்ததும் இல்லை. அவருக்கு அது மஞ்சப் பலகை. மற்ற இடத்திலெல்லாம் அப்படித்தான் எழுதியிருந்தார். செக்ரட்டரி டீச்சர் பக்கம் திரும்பி, நீங்கள்தானே இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், இது இவர் கையெழுத்தா இல்லையா என்று கேட்டார்.

ஒரு வருடமாக எங்கள் நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய்த் திருத்தியவர் அவர். அட்டையில் பெயர் இல்லாத நோட்டைக்கூட நடுவில் திறந்து, ஒரு பார்வை பார்த்துவிட்டு உரியவர் கையில் சரியாகக் கொடுப்பார். எனக்கு நெஞ்சு நிறைந்து போனது. சொல்லத் தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருக்கிறார் என்று நினைத்தேன். டீச்சர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "உறுதியா சொல்ல முடியல சார். கத்துக்கிறவங்க எழுத்து எல்லாம் கொஞ்சம் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றார்.

நான் முன்னால் போய்ப் பையிலிருந்த தாளை மேஜைமேல் வைத்தேன். டீச்சர் அதையும் எடுத்துப் படித்தார். அந்த வரி இதில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அதற்கும் ஒன்று சேர்த்தார்: "ஆனா திரும்ப எடுத்து எழுதும்போது சேர்த்திருக்கலாம்." அவர் சொன்னதில் பொய் என்று எதையும் பிடிக்க முடியாது. அதுதான் இன்றுவரை எனக்கு ஆத்திரம். முகத்துக்கு நேரே பொய் சொல்பவனை நான் மன்னித்துவிடுவேன். இப்படி அளந்து பேசுகிறவர்களை என்னால் முடியவில்லை. செக்ரட்டரி இனி வேலை இல்லை என்று சொல்ல, அக்கா அங்கேயே ஐ.டி. கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். லிஃப்டில் இறங்கும்போது என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "நீ எதுக்குத் தம்பி அழற" என்றார்.

இரண்டு நாள் கழித்து டீச்சர் பம்ப் ரூமுக்கு வந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை. "அண்ணா, என்மேல கோவமா இருப்பீங்க" என்றார். நான் ஒழுகும் குழாயை ஸ்பானரால் இறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அது அக்கா எழுத்து இல்லன்னு பாத்ததுமே தெரிஞ்சது. நான் இருக்கற வீடு செக்ரட்டரியோடது அண்ணா. இந்த மாசம்தான் அக்ரிமென்ட் புதுப்பிக்கணும். கமிட்டில பிரச்சினை பண்ற ஆளுன்னு பேர் வந்துட்டா இந்த ஏரியாவுல வீடு கிடைக்கறது எவ்ளோ கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது."

பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேராகக் குடியிருப்பவன் நான். அக்காவுக்கு அதுவும் இல்லை, மகள் வீட்டில் ஒரு மூலைதான். ஆனால் அதையெல்லாம் சொல்ல எனக்கு வரிசை வரவில்லை. பம்ப் ரூம் நோட்டிலிருந்து ஒரு முழுத் தாளைக் கிழித்தேன். பேனாவோடு அவர் முன்னால் நீட்டினேன்.

"இப்ப சொன்னீங்கல்ல டீச்சர், அதை எழுதிக் கொடுங்க. நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஒரு பத்தி போதும்."

அவர் பேனாவை வாங்கினார். தாளை மோட்டார் பெட்டியின்மேல் வைத்து, வலது மேல் ஓரத்தில், எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே அழகாகத் தேதி எழுதினார். அதற்குக் கீழே பேனா முனையை வைத்தார். முனை அங்கேயே நின்றது. மேல் தொட்டி நிரம்பி மோட்டாரை நிறுத்த வேண்டிய நேரமும் தாண்டிவிட்டது. நான் நிறுத்தவில்லை. அவர் போனை எடுத்து மணி பார்த்தார். மீட்டிங் இருக்கிறது, சாயங்காலம் எழுதித் தருகிறேன் என்று சொல்லிப் பேனாவை மூடி, தாளின்மேல் வைத்துவிட்டு லிஃப்டுக்குப் போனார். அந்தத் தாளில் இன்றும் தேதி மட்டும்தான் இருக்கிறது.