புயல் என்று சொன்னால் யாரும் நம்பாத வருஷம்

ஈபன் கடலுக்குப் போய்த் திரும்பாத குளிர்காலத்தில், அவன் மனைவி கெசையாவிடம் ஒருவர்கூடத் துக்கம் கேட்க வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் கண்ணடித்துவிட்டுப் போனார்கள்.

அந்த மாசசூசெட்ஸ் கடற்கரை ஊரில் அப்போது கண்ணடிக்கக் காரணம் இருந்தது. இங்கிலாந்தும் பிரான்சும் தங்கள் சண்டையில் அமெரிக்கக் கப்பல்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தன. அவர்களை வழிக்குக் கொண்டுவர ஜனாதிபதி ஒரு தடை போட்டார்: எந்தக் கப்பலும் வெளிநாட்டுக்குப் போகக் கூடாது. சரக்கு கிடைக்காமல் அவர்கள் இறங்கி வருவார்களாம். எதிர்வீட்டுக்காரனைப் பட்டினி போட நம் அடுப்பை அணைத்த கதை. மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போக வேண்டிய உப்புமீன் கொட்டகையில் கிடந்து நாறியது. சும்மா நின்ற கப்பல்களின் பாய்மரங்களில் மழை இறங்காமல் இருக்க, உச்சியில் தார்ப்பீப்பாயைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

உள்நாட்டுத் துறைமுகத்துக்கு மட்டும் போகலாம். அதில்தான் ஓட்டை. தெற்கே இருக்கும் கரோலினாவுக்கு என்று சத்தியம் செய்து கிளம்புவார்கள். அப்புறம் புயல் தள்ளிக்கொண்டு போய்விட்டது என்று தீவுகளில் மீனை விற்றுவிட்டு, தடை நீங்கும்வரை அங்கேயே ரம் குடித்துக் கிடப்பார்கள். அந்த வருஷத்துப் புயல்களில் பாதி வாயால் அடித்தவை.

ஈபன் போன கப்பலும் கரோலினாவுக்கு என்றுதான் கிளம்பியது.

"உம் புருஷனுக்கு நல்ல காத்தா அடிச்சிருக்கு போல," என்றாள் பக்கத்து வீட்டு டார்கஸ், வேலிக்கு மேல் தலையை நீட்டி. "தீவுச் சர்க்கரை கொண்டு வந்தா எனக்கும் ஒரு கை போடுடி."

"தீவுக்குப் போறதா இருந்தா வைக்கோல் தொப்பியை எடுத்துட்டுப் போயிருப்பாரு டார்கஸ். அது ஆணியிலயே தொங்குது. கம்பளிதான் எடுத்துட்டுப் போனாரு."

"சுங்கக்காரன் வந்தா இதையே சொல்லு. நல்லா பொருந்துது."

கடலில் ஆள் காணாமல் போனால் அந்த ஊரில் ஒரு வழக்கம். வீட்டுக்காரி அவன் பெயரை எழுதிக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை போதகர் அதை வாசிப்பார். அவள் எழுந்து நிற்பாள். சபை முழுக்க அவளுக்காக ஜெபிக்கும். கெசையா போதகரிடம் போனாள்.

"இப்ப வேண்டாம்மா," என்றார் அவர், கையைப் பிசைந்துகொண்டு. "நான் வாசிச்சா பின்வரிசையில சிரிப்பாங்க. உனக்குத்தான் சங்கடம்."

"என் சங்கடத்தை நான் பாத்துக்குறேன் ஐயா."

"நாளைக்கு அவன் வெயில்ல கறுத்து வந்து நின்னா? ஜெபத்தைக் கேலிக்கூத்தாக்கின மாதிரி ஆயிடும்."

அவள் வீட்டுக்கு வந்து தனக்கு மட்டும் அவரைக்கஞ்சி வைத்தாள். ஒருத்திக்கு எவ்வளவு வைப்பது என்று கைக்குப் படியவே இல்லை. மிச்சத்தை மறுநாளும் தின்றாள்.

ஊர் சொல்வது நிஜமாக இருக்கட்டுமே என்று அவளுக்கும் தோன்ற ஆரம்பித்தது. ஈபன் பொய்ச்சத்தியம் செய்த கள்ளனாக இருக்கட்டும். எங்கோ நிழலில் படுத்திருக்கட்டும். யாரோ ஒருத்தி அவன் சட்டையைத் துவைத்துக் கொடுப்பதாகக்கூட நினைத்துப் பார்த்தாள். கோபம் வந்தது. கோபம் வந்தபோது வீட்டில் குளிர் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

மார்ச்சில் தடையை எடுத்தார்கள். பீப்பாய்கள் கீழே இறங்கின. வசந்தத்தில், புயலில் சிக்கியவர்கள் எல்லாரும் கொழுகொழுவென்று திரும்பி வந்தார்கள். கெசையா துறைக்குப் போய், முதலில் வந்த கப்பலின் தலைவனைப் பிடித்தாள்.

அவன் சிரித்துக்கொண்டேதான் இறங்கினான். அவள் கேட்டதும் தொப்பியைக் கழற்றினான்.

"நாங்க எல்லாரும் ஒரே துறையிலதான் கிடந்தோம் அக்கா. அந்தக் கப்பல் வரவே இல்ல. அக்டோபர் கடைசியில ஒரு காத்து அடிச்சுது." தரையைப் பார்த்தான். "நிஜக் காத்து."

அவள் வீட்டுக்கு வருவதற்குள் சேதி ஊருக்குள் பரவிவிட்டது. போதகர் வாசலில் நின்றார். இந்த ஞாயிறே வாசிக்கிறேன் என்றார்.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் ஐயா."

"நீதானேம்மா கேட்ட?"

"அப்ப ஊரே அவர் உசுரோட இருக்காருன்னு நினைச்சுது."

அவர் போனபின் டார்கஸ் வந்தாள். வேலிக்கு மேலே தலை நீட்டவில்லை. சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தாள். கையில் சூடான ரொட்டி.

"ஏதாவது சொல்லு டார்கஸ்," என்றாள் கெசையா. "சர்க்கரை கேளு."

டார்கஸ் ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.