குழாயடியில் ஏழு முதலைகள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கூட்டேரிப்பட்டு பஞ்சாயத்துக் குழாயடியில் ஏழு முதலைகளோடு க்யூவில் நின்றேன்.

கிண்டல் இல்லை. நிஜ முதலைகள். மூன்று வயது, ஆளுக்கு நாலடி நீளம். வாயைக் கயிற்றால் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, மரப்பெட்டிகளில் வைத்திருந்தார்கள். இந்த இனம் நம் ஆறுகளில் அநேகமாகக் காணாமல் போய்விட்டதாம். அதனால் பண்ணையில் முட்டைகளைக் குஞ்சு பொரிக்கவைத்து, மீன் போட்டு வளர்த்து, மறுபடியும் அணைகளில் கொண்டுபோய் விடுகிறார்கள். மனிதன் ஒன்றைத் தொலைக்கும்போது சத்தமே வராது. திருப்பி வைக்கும்போது மட்டும் விழா எடுப்பான் — மைக், மாலை, மலர் சகிதம். அந்த விழா மலருக்குக் கட்டுரை எழுதத்தான் என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார் நண்பர் சம்பத். வனத்துறை ரேஞ்சர்.

திண்டிவனம் தாண்டும் வரை எல்லாம் சுகம். சாக்கு காய்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று உத்தரவு. அதற்காகவே இரண்டு கேன் தண்ணீர் கூட வந்தது. என்ஜின் சூடாகிவிட்டது என்று வண்டியை ஓரம் கட்டிய டிரைவர் கன்னியப்பன், இரண்டு கேனையும் ரேடியேட்டரில் கவிழ்த்துவிட்டார்.

"யோவ், அது மொதலைக்கு வெச்ச தண்ணிய்யா" என்றார் சம்பத்.

"வண்டி போனாத்தான சார் மொதலை போவும்."

நியாயம்தான். ஆனால் ரேடியேட்டர் நியாயத்துக்குக் கட்டுப்படவில்லை. கூட்டேரிப்பட்டு வந்ததும் ஹோஸ் வெடித்து, அத்தனை தண்ணீரும் தார் ரோட்டில் ஓடியது. "ஒரே பேஜாரு சார்... ஜல்தியா வந்துடறேன்" என்று கன்னியப்பன் புது ஹோஸ் வாங்க பஸ் ஏறித் திண்டிவனம் போனார்.

மணி ஒன்பதரை. மே மாத வெயில். முதலைக்கு வியர்க்காதாம். பெட்டிக்குள்ளேயே சூடேறிச் செத்துப்போகுமாம். இதைச் சொன்ன சம்பத்துக்குத்தான் சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

தண்ணீருக்கு எங்கே போவது? இரண்டு வருஷமாக மழை இல்லை. ஏரிக்குள் ஆடு மேய்கிறது. டீக்கடைக்காரர் ஒரு சொம்பு கொடுத்தார். இரண்டாவது சொம்புக்குள் டிரம்மை மூடிவிட்டார். மிச்சம் இருந்தது குழாய்தான். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வரும். பத்தரைக்கு நின்றுவிடும். அதன் முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் குடங்கள்.

பெட்டிகளை இறக்கிக் குழாய்க்குப் பக்கத்துப் புளியமர நிழலில் வைத்தோம். சம்பத் அரசாங்க உத்தரவை எடுத்து நீட்டினார். கோபுர முத்திரை. 'மிக அவசரம்' என்று சிவப்பு மையில் கோடு வேறு.

முதல் குடத்துக்குச் சொந்தக்காரப் பெண்மணி, பச்சைப் புடவை, அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அத பைப்புகிட்ட காட்டுங்க சார்."

"உயிர் போற விஷயம்மா."

"நாங்க இன்னா கண்ணாலத்துக்கா நிக்கிறோம்? விடியறதுக்குள்ள வந்து கொடத்த வெச்சிக்கினு நிக்கிறேன். வரிசையில வாங்க."

காலி கேனைக் கொண்டுபோய்க் கடைசிக் குடத்துக்குப் பின்னால் வைத்தோம். எனக்குக் கோபமான கோபம். வனவிலங்கைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும், எப்போது திருந்தப் போகிறது இந்த தேசம் என்று மனசுக்குள் ஒரு தலையங்கமே எழுதி முடித்தேன்.

பச்சைப் புடவையின் குடம் நிறைந்தது. இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தவர், பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். குடத்தைக் கொஞ்சம் சாய்த்தார். ஒரு சொம்புத் தண்ணீர் சாக்கில் இறங்கியது. குடத்தை நிமிர்த்திக்கொண்டு போய்விட்டார்.

அடுத்தவரும் ஊற்றினார். அதற்கடுத்தவரும்... ஒருவர் சாக்கை அழுத்திப் பார்த்து, "இதுல உள்ள எறங்கவே இல்ல" என்று இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "வரிசையில வரச் சொன்னீங்களேம்மா?" என்று சாக்கை அழுத்திப் பார்த்தவரிடம் கேட்டேன்.

"வரிசை எல்லாருக்கும் பொது சார். கொடத்துல கீற தண்ணி என்து. அத யாருக்கு ஊத்துனா இன்னா?" என்றவர், "இதுங்கள எங்க எட்த்துக்கினு போறீங்க?" என்று விசாரித்தார்.

"அணையில விடறதுக்கு."

"அங்க தண்ணி கீதா?"

"இருக்கும்மா. நிறைய இருக்கு."

"பரவால்ல. மொதலைக்காவது வண்டி வெச்சி தண்ணி கீற எடத்துக்கு இட்டுக்கினு போறாங்க."

பத்தரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே குழாய் இருமிவிட்டு நின்றது. எங்கள் கேனுக்கு முன்னால் இன்னும் மூன்று குடங்கள் இருந்தன. அந்த மூன்று பேரும் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். முதலைகள் நனைந்திருந்தன. அந்த மூன்று வீட்டிலும் அன்றைக்கு உலை எப்படி வைத்தார்களோ? எனக்குத் தெரியாது.

ஹோஸ் வந்தது. சாயங்காலம் அணைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏழும் உயிரோடு தண்ணீரில் இறங்கின. சம்பத் மெமோ வாங்காமல் தப்பித்தார். மாலை மட்டும் பெரிய அதிகாரிக்குப் போட்டார்கள்.

விழா மலர் நேற்று தபாலில் வந்தது. வழவழப்பான தாள். ஒவ்வொரு முதலைக்கும் நம்பர், நீளம், எடை, பிறந்த மாதம் எல்லாம் அச்சாகியிருக்கிறது. பக்கத்திலேயே ஒரு கட்டுரை. 'துறை ஊழியர்களின் அயராத கவனிப்பால், கடும் வெயிலிலும் ஏழு முதலைகளும் நலமாக வந்து சேர்ந்தன.' எழுதியவன் அடியேன். விழா மலருக்கு இது போதும் என்று எழுதிவிட்டேன். அச்சில் பார்க்கும்போது வெட்கமாக இருக்கிறது.

ஆகவே, நடந்தது இதுதான். சம்பத், கன்னியப்பன் இரண்டும் நிஜப் பெயர்கள் இல்லை. மெமோ வந்துவிடும் என்பதால் மாற்றியிருக்கிறேன். தண்ணீர் ஊற்றிய பெண்களின் பெயர்களை மாற்ற வேண்டிய சிரமமே எனக்கு இல்லை — ஒருவரிடமும் கேட்கவில்லை.