மறதிக்கு என்று கொடுத்த மாத்திரை

எண்பத்தாறு, எண்பத்தேழில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம் அது. நைனார்பாளையத்தில் என் அப்பா மறதி முற்றி, வழி தெரியாமல் அலைய ஆரம்பித்தார். சேலத்தில் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டினோம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் இதற்கு வைத்தியமே கிடையாது என்று சொல்லி, மாதாமாதம் தன்னிடமே மாத்திரை வாங்கச் சொன்னார். கறவை மாட்டை விற்று வாங்கினோம். அப்பா அலைவது நின்றது. பேச்சும் நின்றது. ஊட்டிய சோற்றை வாயில் வைத்தபடியே தூங்கினார். நோய் முற்றிவிட்டதாக நினைத்தோம்.

அந்தப் போராட்டத்தின் மறியலில் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டதால் பஸ் ஓடவில்லை. மாத்திரை தீர்ந்துபோனது. நான் பயந்துகொண்டே இருந்தேன். ஐந்தாம் நாள் அப்பா தானாக எழுந்து உட்கார்ந்து, "இன்னா மல்லிகா, மாட்டுக்குத் தண்ணி காட்னியா?" என்று கேட்டார். அவர் வாயால் என் பெயரைக் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. மாட்டை விற்றதைச் சொல்லாமல், "காட்டிட்டேம்பா" என்றேன்.

பஸ் ஓடியதும் சேலம் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கே போனோம். அங்கே நரம்பு டாக்டர் இலவசமாகவே பார்த்தார். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்து, "இது தூக்க மாத்திரைம்மா. வயசானவருக்கு இவ்வளவு குடுக்கவே கூடாது. திடீர்னு நிறுத்துனதும் ஆபத்துதான், தப்பிச்சீங்க. மறதி போகாது, ஆனா நடமாடுவாரு" என்றார். அப்பா மூன்று வருடம் நடமாடினார்.

அந்தத் தனியார் டாக்டரை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. காடு கழனியில் பாடுபடுகிற ஜனம் எதிர்த்துக் கேட்காது என்கிற தைரியம்தானே அவருக்கு?

இப்போது யார் மருந்து எழுதினாலும், "இது எதுக்குங்க, சாப்ட்டா இன்னா பண்ணும்?" என்று கேட்காமல் நான் எழுந்து வருவதில்லை.