உதிராத ஒரே கதிர்

பிள்ளைகளே, மத்திகிரியில் எங்கள் ராகி வயலுக்கு அடுத்த துண்டு நிலத்தில், ஒட்டிய கன்னமுள்ள ஒருவர் காட்டுப் புல்லை விதைத்து வளர்த்தார். கதிரைக் கண்டால் விரலால் சுண்டுவார், மணியெல்லாம் உதிர்ந்துவிடும்.

“புல்லுக்குப் போயி தண்ணி கட்டறீங்களே சாமி!” என்று சிரித்தேன்.

“நம்ம ராகியும் ஆதியிலே இப்படி உதிர்ந்த புல்லுதாம்ப்பா. யாரோ ஒருத்தன் உதிராத கதிராப் பாத்துப் பாத்து விதைச்சுத்தான் பயிராக்கியிருக்கணும். நானும் செஞ்சு பாக்கறேன்.”

பல வருடம் கழித்து உதிராத கதிர் ஒன்றே ஒன்று கிடைத்தது. முற்றட்டும் என்று விட்டிருந்தார். எங்கள் வயலில் களையெடுத்த பெண்கள், உதவியாக இருக்கட்டுமென்று அவர் நிலத்துப் புல்லையும் அந்தக் கதிரோடு சுத்தமாகப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிட்டார்கள்.

“களைன்னு நெனச்சிட்டோம் சாமி!” என்று ஒருத்தி அழுதாள்.

“அழாதேம்மா. அந்தக் காலத்துலயும் இப்படி எத்தனை கதிர் போச்சோ!” என்றார்.

அப்புறம் அவர் விதைக்கவே இல்லை. அந்தக் காலத்தில் முதன்முதலில் கதிரைத் தொலைத்தவன் மறுபடி எப்படித்தான் தேடினானோ, ராகிக் களி உருட்டும்போதெல்லாம் யோசிக்கிறேன்.