தேத்தண்ணி தராத வீடு

எங்கள் ஆட்களின் வீட்டுக்குப் போனால், நான் சப்பாத்தைக் கழற்றி முடிப்பதற்குள் குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும். இத்தனைக்கும் நான் விருந்தாளி இல்லை. சிறுவர் நலப் பகுதியில் வேலை செய்கிறவள். ஒஸ்லோத் தமிழர் அதை 'பார்னவேர்ன்' என்று நோர்வேஜிய மொழியிலேயே சொல்வார்கள். சரியாகப் பார்க்காத வீட்டிலிருந்து பிள்ளையை எடுத்துப்போகும் அதிகாரம் எங்களுக்கு உண்டு என்பதால், என் முதுகுக்குப் பின்னால் 'பிள்ளை பிடிகாரர்' என்பார்கள். அந்தப் பிள்ளை பிடிகாரிக்கும் இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி உண்டு. எனக்குச் சலரோகம் என்பதால் "சீனி வேண்டாம்" என்று வாசலிலேயே சொல்லிவிடுவேன். பிந்தினால் பாகு மாதிரி ஒன்றைத்தான் குடிக்க வேண்டியிருக்கும்.

ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் ஒரு வீட்டில் மட்டும் தண்ணீர் கொதிக்கவில்லை.

அந்த வீட்டுப் பிள்ளை படிக்கும் முன்பள்ளியிலிருந்து எங்களுக்குத் தகவல் வந்திருந்தது. ஐந்து வயதுப் பெண்பிள்ளை. மற்றப் பிள்ளைகள் பனியில் உருளும்போது இவள் ஒரு மூலையில் படுத்து நித்திரை கொள்கிறாளாம். சில நாட்களில் சாப்பாட்டுப் பெட்டி வெறுமையாக வருகிறதாம். வீட்டில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது. தகப்பனுக்கு ஸ்தவாங்கரில் வேலை. எப்போதாவது ஒரு சனி ஞாயிறுக்கு வந்து போவார். தாய்க்கு இந்த நாட்டில் சகோதரம் என்று ஒருவரும் இல்லை.

என்னோடு வேலை செய்யும் நோர்வேஜியப் பெண்ணும் நானும் போனோம். கதவைத் திறந்த தாய்க்கு முப்பது வயது இருக்கும். குழந்தை இடுப்பில் இருந்தது. தமிழில் வணக்கம் சொன்னேன். அவள் நோர்வேஜிய மொழியில் பதில் சொன்னாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. தமிழ் ஆள் வந்தால் ஆறுதல் என்று எங்கள் அலுவலகத்தில் நினைப்பார்கள். ஆனால் இவளுக்கு என்னைக் கண்டதும் பயம் இரண்டு மடங்காகியிருக்கும். பிள்ளை ஒரு பக்கம் போகும், கதை ஊரெல்லாம் போகும்.

வீடு கண்ணாடி மாதிரித் துடைத்திருந்தது. மத்தியான நேரம், கறி வாசமே இல்லை. "இது மகளின் அறை" என்று காட்டினாள். புதுக் கட்டில். விரிப்பில் கடைப் பெட்டியின் மடிப்புக்கூட இன்னும் போகவில்லை. பொம்மை பெட்டிக்குள் கட்டப்பட்டபடியே சிரித்துக்கொண்டிருந்தது. என்ன கேட்டாலும் நோர்வேஜிய மொழியில் "எல்லாம் நல்லாயிருக்கு" என்பதுதான் பதில். அவளுடைய கண்ணைப் பார்த்தால் இரண்டு கிழமையாக நித்திரை கண்ட ஆள் மாதிரி இல்லை.

இறங்கும்போது லிப்டில் என் தோழி கேட்டாள்: "இவர்கள் தமிழர்தானே? தேநீரே தரவில்லையே?" எங்கள் ஆட்களின் இஞ்சித் தேத்தண்ணிக்கு அவள் அடிமை. நான் சிரித்தேன். ஆனாலும் அது எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. வந்தவருக்கு ஒரு வாய் கொடுக்காமல் அனுப்புவதற்கு எவ்வளவு பயம் வேண்டும்!

அடுத்த முறையும் அதே கதைதான். ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுவதாகத்தான் எங்கள் அக்கறை அவளுக்குத் தெரிந்திருக்கும். எனக்குச் சினமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவள் வாய் திறந்து ஒன்று கேட்டால் எங்களால் எவ்வளவோ செய்து கொடுக்க முடியும். 'எல்லாம் நல்லாயிருக்கு' என்று கதவைச் சாத்திக்கொண்டே இருந்தாலோ முன்பள்ளி திரும்பத் திரும்ப அறிவிக்கும். அப்போது எதற்குப் பயந்தாளோ அந்தப் பக்கம்தான் விஷயம் நகரும்.

மூன்றாம் முறை நான் தனியாகப் போனேன். மகள் அன்று முன்பள்ளிக்குப் போகவில்லை. குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. நோர்வேஜிய மொழியில் தொடங்கிய தாய் பாதி வசனத்தில் சொல் வராமல் நின்றாள். நான் மகளுக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"நீங்கள் எங்கை படுக்கிறனீங்கள்?"

பிள்ளை தாயைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் புதுக் கட்டிலைத் தாண்டி, இருக்கை அறைக்குக் கூட்டிப்போனாள். சோபாவுக்குப் பின்னால் ஒரு மெத்தை சுருட்டி ஒளித்திருந்தது.

"இஞ்சை. அம்மா, தம்பி, நான். தம்பி அழுதால் நான்தான் தட்டுறனான். அம்மாக்குக் கை நோகும்."

தாய் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"அக்கா, பிள்ளையளைக் கொண்டுபோயிடாதேங்கோ." அவள் என்னோடு பேசிய முதல் தமிழ் அது.

"விசர்க் கதை கதையாதேங்கோ," என்றேன். அலுவலகத்தில் அப்படிப் பேசச் சொல்லித்தரவில்லை. "அம்மாவோட படுக்கிறதுக்கு ஆர் பிள்ளையைக் கொண்டு போறது? பிள்ளை நித்திரை இல்லாமல் இருக்கிறதுதான் பிரச்சினை. தங்கச்சி, அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். என்ன வேணுமெண்டு சொல்லுங்கோ."

கட்டில், உடுப்பு, வேறு எதையாவது கேட்பாள் என்று நினைத்தேன்.

"நித்திரை, அக்கா. எனக்கு நித்திரை வேணும்."

"அப்ப படுங்கோ. நான் இருக்கிறன்."

குழந்தையை என் கையில் தந்துவிட்டு நின்றாள். பிள்ளை பிடிகாரியின் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூட ஒரு தாய்க்கு என்ன துணிச்சல் வேண்டும் என்று இப்போதும் யோசிக்கிறேன். மெத்தையை விரித்தாள். தலை பட்டதுதான் தெரியும், தூங்கிவிட்டாள்.

குழந்தையைத் தோளில் போட்டு நடந்துகொண்டே தோழிக்கு அழைத்துப் பேசினேன். காலையில் வீட்டுக்கு ஓர் உதவியாள். மகளை முன்பள்ளிக்குக் கூட்டிப்போக ஆள். குழந்தையின் அழுகைக்கு வைத்தியர். தகப்பனோடும் கதைக்க வேண்டும். அழைப்பு முடிய, குழந்தையும் அசந்துவிட்டான். அவனைத் தாய்க்குப் பக்கத்தில் கிடத்தினேன். அப்போதுதான் எனக்குத் தேத்தண்ணி விடாய் தெரிந்தது. குசினியில் தேயிலையைத் தேடினேன்.

"மேலை இருக்கு," என்று மகள் கிசுகிசுத்தாள். "ஆனா உங்களுக்குத் தரக்கூடாது, அன்ரி. தந்தால் லஞ்சம் எண்டு எழுதுவினமாம். லோறென்ஸ்கூக்கிலை இருக்கிற அன்ரி அம்மாக்குச் சொன்னவா."

சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவுதானா! அந்த லோறென்ஸ்கூக் புண்ணியவதியை ஒரு நாள் பார்க்கத்தான் வேண்டும்.

தண்ணீர் கொதித்த சத்தத்தில் தாய் எழும்பி வந்தாள். தலை கலைந்திருந்தது. கன்னத்தில் மெத்தையின் வரி. அடுப்படியில் என்னைக் கண்டதும் முகம் மாறியது.

"என்னக்கா இது! வந்த ஆளே தேத்தண்ணி போடுறதோ? என்ரை வீட்டிலையோ? விடுங்கோ, போய் இருங்கோ!"

என்னைத் தோளில் பிடித்துக் குசினியை விட்டே தள்ளினாள். நான் சந்தோசமாகத் தள்ளுப்பட்டேன். இஞ்சி இடிக்கும் சத்தம் கேட்டது. மகள் மெத்தையில் தம்பியோடு ஒட்டிப் படுத்துவிட்டாள். வாசலில் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்பது, கோப்பை கையில் வந்து முதல் வாய் உறிஞ்சியபோதுதான் ஞாபகம் வந்தது. அவள் முன்னால் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீனி காணுமோ, அக்கா? இன்னும் போடவோ?"

"ஓம், காணும்," என்று சொல்லி, ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடித்தேன்.