மேட்டுக்கும் ரோட்டுக்கும் ஒரே வண்டி

எங்கள் பட்டறை வாசலில் அவ்வப்போது யாராவது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். "பல்லக்கா இருக்காங்களா? கடைவாய்ப் பல்லு தூங்க விடலைங்க" என்பார்கள். நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "அது வேற பல்லுங்க, இங்க கியர் பல்லு மட்டும்தான் பார்ப்போம்" என்று சொல்லி, பல் டாக்டர் இருக்கும் தெருவுக்கு வழிகாட்டி அனுப்புவேன். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வரும்: "அனுப்பாதடி! குறடு இருக்கு, நானே புடுங்கி விடுறேன்!"

பல்லக்கா என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். அவர் 'அக்கா' என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். ஒரு பேருந்துக் கம்பெனியின் பணிமனையில், கியர்பாக்ஸ் பிரிவில் பல வருஷம் இருந்தவர். கம்பெனி பழைய பஸ்களைக் கழித்துக்கட்டியபோது, அவற்றோடு இவரும் வெளியே வந்தார். பழைய பஸ்ஸை ஓடும் வீடாக மாற்றிக் கொடுக்கும் எங்கள் பட்டறை அப்படித்தான் ஆரம்பித்தது. வெல்டிங்கும் தகர வேலையும் என் வீட்டுக்காரர். மெத்தை, திரை, அலமாரி எல்லாம் நான். எந்தக் கியர்பாக்ஸ், பின் ஆக்சிலில் எந்த விகிதம் என்பது அக்காவின் தனி ராஜ்ஜியம். அங்கே நாங்கள் மூக்கை நுழைப்பதில்லை.

நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லப் போகிறேன் என்றால் என்னைப் பெற்ற அம்மாவே நம்ப மாட்டார். ஆனால் நடந்ததை நடந்தபடி சொன்னால் அது நல்லதாகத்தான் வரும், நான் என்ன செய்ய?

அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. "நான் கை வெச்ச கியர்பாக்ஸ் கத்தாது. கத்துச்சுன்னா ஓட்டுறவன் இன்னும் கத்துக்கலைன்னு அர்த்தம்" என்பார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கும் பதில் தயாராக இருக்கும்: "எனக்கேத்த ரேஷியோ அமையலை."

ஒருநாள் ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார் ஒருவர், மூக்கு நீண்ட பழைய டவுன் பஸ் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். கூட அவர் மனைவி. மண்ணில் குடுவை, கிண்ணம், பானை எல்லாம் வனைகிறவர். அவரைப் பானையம்மா என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள், நாங்களும் கூப்பிட்டோம். இருவரும் வீட்டைப் பூட்டிவிட்டு பஸ்ஸிலேயே குடியிருந்து ஊர் ஊராகப் போக ஆசைப்பட்டார்கள்.

"வண்டி நகரவே மாட்டேங்குதும்மா. எஞ்சின் தலைகீழா நின்னு அலறுது, லாரியெல்லாம் என்னைத் தாண்டிப் போறான். நேத்து ஒரு டிராக்டர்காரன் கை காட்டிட்டுப் போறான்" என்றார் வாத்தியார்.

அக்கா வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்து விளக்கினார். பின் ஆக்சிலுக்குள் கிரவுன், பினியன் என்று இரண்டு பல்சக்கரங்கள் இருக்கின்றன. சின்னது பல சுற்று சுற்றினால்தான் பெரியது ஒரு சுற்று சுற்றும். அதிகச் சுற்று என்றால் இழுக்கும் வலு கூடும், ஆனால் நெடுஞ்சாலையில் எஞ்சின் தொண்டை கிழியும். குறைந்த சுற்று என்றால் சாலையில் பறக்கும், மேட்டில் மூச்சு வாங்கும். இது நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று நின்று கிளம்பிய டவுன் பஸ். அதனால் இழுக்கிற விகிதம் போட்டிருந்தார்கள்.

"உங்களுக்கு வேகமான கிரவுன் பினியன் போடணும். ஆனா எவ்வளவு வேகம்னு இப்பவே சொல்ல மாட்டேன். வீடு கட்டின பிறகு எவ்வளவு கனம், எந்த மேடு, இதெல்லாம் தெரியணும்" என்றார் அக்கா.

கட்டில், சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து முடித்ததும் வண்டியை எடை மேடையில் ஏற்றிப் பார்த்தார். வாத்தியார் போக விரும்பிய மலைச்சாலையில் ஒருதரம் அவரோடு போய்வந்தார். அப்புறம்தான் கிரவுன் பினியனைத் தேர்ந்தெடுத்து மாட்டினார். கியர்பாக்ஸ் பழையதே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். வாத்தியார் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "ரதம்மா, ரதம்!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அந்த ரதம் அவர்கள் வீட்டுத் தெருவிலேயே சிக்கிக்கொண்டது.

அது செங்குத்தான தெரு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பஸ் நடு மேட்டில் நின்றது. கிளச்சு கருகிய நாற்றம் தெருமுனை வரை அடித்தது. பின்னால் காய்கறி வண்டியிலிருந்து ஆம்புலன்ஸ் வரை வரிசை. மாடியில், பால்கனியில், கடை வாசலில் என்று தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

"ரதம்னு நம்பி எடுத்துட்டு வந்தேன். இப்ப தேர் நிலைக்கு வந்த மாதிரி நிக்குது! பெரிய கியர் நிபுணர்னு சொன்னாங்களே உங்களை!" என்று வாத்தியார் வகுப்பறைக் குரலில் சத்தம் போட்டார்.

அக்கா வண்டிக்குள் ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன். நான் ஆசையாகத் தைத்துப் போட்ட மெத்தைக்கு அடியில் களிமண் மூட்டைகள் அடுக்கியிருந்தன. பின்பக்கம் ஒரு சின்னச் சூளை, அதற்கான நெருப்புச் செங்கல், பானை வனையும் சக்கரம். எடை பார்க்கும்போது இதில் ஒன்றுகூட வண்டியில் இல்லை.

எனக்கு நாக்கு துருதுருத்தது. 'இதையெல்லாம் யாருங்க ஏத்தச் சொன்னது' என்று கேட்டிருந்தால் அந்தத் தெருவே எங்கள் பக்கம் சாய்ந்திருக்கும். பானையம்மா வெளியே தலைகுனிந்து நின்றார். அக்கா படியில் இறங்கி, எல்லோரும் கேட்கும்படி சொன்னார்:

"தப்பு என்னோடது சார். பானை செய்யறவங்க பானை செய்யாம எங்க போவாங்க? அதை நான் கேட்டிருக்கணும். கேக்கலை. வண்டியை எடுத்துட்டுப் போறேன், சரி பண்ணித் தர்றது என் பொறுப்பு."

இருபது வருஷத்தில் அக்கா 'தப்பு என்னோடது' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகும் தலை நிமிர்ந்துதான் நின்றார்.

பட்டறைக்கு இழுத்து வந்ததும் என் வீட்டுக்காரர் சுலபமான வழியைச் சொன்னார். "பழைய கிரவுன் பினியனையே திரும்பப் போட்டுடலாம் அக்கா. மேடு ஏறிடும்."

"ஏறும். அப்புறம் டிராக்டர்காரன் மறுபடி கை காட்டுவான். ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா? ரெண்டும் கேட்டாங்க, ரெண்டும் குடுக்கணும்."

வேகமான ஆக்சில் அப்படியே இருக்கட்டும், முதல் கியர் நன்றாக இழுக்கிற லாரி கியர்பாக்ஸ் ஒன்றை மாட்டலாம் என்று முடிவு செய்தார். ஒரு பெட்டியையும் பேசி வைத்தார். அந்தச் சமயத்தில் பானையம்மா தம் களிமண் மூட்டைகளை எடுத்துப்போக வந்தார். வெட்கத்தோடு, "மண்ணை விட்டுட்டே போறேன், பரவாயில்லை" என்றார்.

அக்கா அவர் பேச்சைக் கேட்கவில்லை, படியேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பானையம்மா ஒவ்வொரு படிக்கும் வலது காலை மட்டுமே முன்னால் வைத்து, இடது காலைக் கையால் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"இடது முட்டி எவ்வளவு நாளா இப்படி?"

"அது கிடக்குது, ரொம்ப நாளா."

"உங்களுக்கு லைசென்ஸ் இருக்கா?"

"இருக்கு. பெரிய வண்டி லைசென்ஸே எடுத்தேன். மாறி மாறி ஓட்டலாம்னுதான் பேச்சு. கிளச்சை மிதிச்சா உயிர் போகுது. அதான் அவரே ஓட்டட்டும்னு..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தார். "லாரிப் பெட்டி வேண்டாம்னு சொல்லிடு. ஆட்டோமேட்டிக் தேடு."

என் வீட்டுக்காரர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஆட்டோமேட்டிக் என்றாலே அக்காவுக்கு ஆகாது. 'தொட்டில்ல போட்டு ஆட்டிவிடற வண்டி' என்று ஊரெல்லாம் கேலி பேசியவர்.

"அக்கா, நீயா சொல்றே? ஊருக்கே கேக்கற மாதிரி திட்டினியே!"

"திட்டினேன். என் வாய்தானே, நானே முழுங்கிக்கிறேன். உனக்கென்ன?"

ஓய்வு பெற்ற ஒரு தீயணைப்பு வண்டியிலிருந்து கியர்பாக்ஸ் கிடைத்தது. அதில் கிளச்சு மிதி கிடையாது. எஞ்சினின் பலத்தைக் கியருக்குக் கொண்டுபோவது எண்ணெய். வண்டி நகரத் தொடங்கும் நேரத்தில் அந்தப் பலத்தை அது பெருக்கியும் கொடுக்கும். அதனால் வேகமான ஆக்சில் இருந்தாலும் மேட்டில் நின்று கிளம்பலாம். ஆனால் சும்மா இருக்குமா? ஏற்றத்தில் எண்ணெய் கொதிக்கும், இறக்கத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடும். கொதிப்புக்குப் பெரிய கூலர் ஒன்றை முன்பக்கம் பொருத்தினார். இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி, எண்ணெயின் வழுக்கலை நிறுத்திப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு உள்ள பெட்டியாகப் பார்த்துத்தான் வாங்கியிருந்தார். புதுப் பெட்டி பழையதைவிட நீளம். அதிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் சுழல் தண்டை வெட்டிச் சுருக்கி, தாங்கிகளை மாற்றி வெல்டு வைத்ததில் என் வீட்டுக்காரருக்கு இடுப்பு ஒடிந்தது. ஒவ்வொரு வெல்டையும் அக்கா சுத்தியலால் தட்டிப் பார்த்தார். தம்பி என்றெல்லாம் தாட்சண்யம் கிடையாது.

இந்தத் தடவை களிமண், சூளை, செங்கல், நிரம்பிய தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றோடும் எடை பார்த்தார். வாத்தியார் தம் அட்லஸ்களைக் கொண்டுவந்து, "இதையும் ஏத்திடுங்கம்மா, அப்புறம் சொல்லலைன்னு ஆகக்கூடாது" என்றார். முகத்தில் அசடு வழிந்தது.

அதே தெரு, அதே மேடு. ஓட்டுநர் இருக்கையில் பானையம்மா, பக்கத்து இருக்கையில் வாத்தியார். நான் பின்னால் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அக்கா முன்பக்கம் தரைப் பலகையைத் திறந்து வைத்து, எண்ணெய்க் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நடு மேட்டில், "நிறுத்துங்க" என்றார் அக்கா.

"இங்கயா? இங்கதானே அன்னைக்கு..."

"இங்கயேதான்."

வண்டி நின்றது. தெருவில் அன்றைக்குப் பார்த்த அதே முகங்கள். பானையம்மா பிரேக்கிலிருந்து காலை எடுத்து, மெதுவாக ஆக்சிலேட்டரை அழுத்தினார். வண்டி பின்னால் உருளவில்லை. யானை எழுந்திருப்பதுபோல ஒரு அசைவு, அவ்வளவுதான். ஏறத் தொடங்கிவிட்டது. பால்கனியிலிருந்து ஒருவர் கைதட்டினார். பானையம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "அழாதீங்க, ரோடு தெரியாது" என்றார் அக்கா.

அப்படியே மலைச்சாலைக்குப் போனோம். சமவெளியில் லாரிகளோடு லாரியாக ஓடினோம். மலையுச்சியில் வாத்தியார் இறங்கி நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அன்னைக்கு நடுத்தெருவுல நான் பேசினது ரொம்ப அதிகம். மனசுல வெச்சுக்காதீங்கம்மா" என்றார்.

"வெச்சுக்கலை சார். ஆனா 'பெரிய கியர் நிபுணர்'னு சொன்னீங்க பாருங்க, அதை மட்டும் வெச்சுக்கிட்டேன்" என்றார் அக்கா.

இறங்கும்போது பானையம்மா கியர் இரண்டுக்கு மேல் போகாதபடி நிறுத்திவிட்டு, மிதிகளிலிருந்து காலை எடுத்துக்கொண்டார். எஞ்சின் உறுமி வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டது. கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் பிரேக்கைத் தொட்டார். அடிவாரத்து டீக்கடையில் நிறுத்தியதும், பின்னாலேயே வந்த லாரிக்காரர் ஒருவர் அவசரமாக இறங்கி எங்களிடம் ஓடிவந்தார்.

"உங்க வண்டியில பிரேக் லைட் சரியில்லைங்க! வளைவுல லேசா மின்னுது, மத்தபடி அவ்வளவு இறக்கத்துலயும் எரியவே மாட்டேங்குது. பாத்துக்கங்க."

"லைட் நல்லாத்தாங்க இருக்கு. வளைவைத் தவிர பிரேக்கையே தொடலை. இது எங்க நாத்தனார் போட்ட கியர்பாக்ஸ்" என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்.

அவர் குனிந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். அக்காவும் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, விரல் நீட்டி ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்துவிட்டார். நாங்கள் இரண்டாவது டீ குடித்து முடிக்கும்வரை அவர்கள் எழுந்திருக்கவே இல்லை.