முறைத் தண்ணீர்

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடங்களில் நானும் என் கணவரும் சேர்ந்து போன ஊர்களைக் கணக்கெடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, துக்கம், ஆஸ்பத்திரி, மகளின் கல்லூரி. சும்மா பஸ் ஏறியது ஒரே ஒரு நாள்தான். சும்மா என்று அவர் சொன்னார். நான் நம்பவில்லை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை எனக்குப் பதவி உயர்வு உத்தரவு வந்திருந்தது. காரைக்காலில் பதினெட்டு வருடம் ஃபைல் கட்டிய எனக்கு சூப்பிரண்டு நாற்காலி. ஆனால் நாற்காலி ஏனாமில் கிடந்தது. எங்கள் புதுச்சேரி அரசாங்கம் நான்கு துண்டாக இருக்கிறது. அதில் மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள். இந்த இரண்டு பெயரைக் கேட்டாலே காரைக்கால் ஊழியர்கள் லீவு எழுத உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு வருடம் இருந்தாக வேண்டும். ஒப்புக்கொள்கிறேன் என்றோ, வேண்டாம் என்றோ திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் அடுத்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

மகள் புதுச்சேரியில் விடுதியில் இருந்தாள். நான் போய்விட்டால் நெடுங்காட்டு வீட்டில் அவர் ஒருவர்தான். நிலத்தைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு என்னோடு வர முடியுமா?

உத்தரவைக் காட்டியபோது இரண்டு தடவை படித்தார். "சந்தோசம்" என்றார். அதோடு சரி. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் வாயில் கொழுக்கட்டைதான். சனிக்கிழமை காலையில் பல் விளக்கிக்கொண்டே, "நாளைக்கி வீராணம் ஏரிக்குப் போயிட்டு வருவோமா?" என்றார்.

"எதுக்கு?"

"சும்மாதான். கடலு நம்ம வாசல்ல கெடக்கு. ஏரிய நீ பாத்ததில்லல்ல?"

எனக்குப் புரிந்துவிட்டது. ஊர் சுற்றிக் காட்டி, வயிறு நிறைய வாங்கிக் கொடுத்து, திரும்பும்போது மெதுவாக 'வேண்டாம்னு எழுதிக் குடுத்துடேன்' என்பார். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அன்று மதியம் அலுவலகத் தாளில் இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்றில் ஒப்புக்கொள்கிறேன், மற்றொன்றில் வேண்டாம். இரண்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

மாசி மாதம். சம்பா அறுத்து முடிந்து, அறுத்த தாள்களுக்கிடையே உளுந்து முளைத்திருந்தது. மேட்டூர் அணையை மூடிவிட்டதால் எங்கள் வாய்க்காலில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. காரைக்காலில் ஏறி, சீர்காழி வழியாகச் சிதம்பரம் போய், அங்கே பஸ் மாறி, காட்டுமன்னார்கோயில் தாண்டி லால்பேட்டையில் இறங்கினோம். ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக் கொடுத்தார். வழியெல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். கேள்விதான் வரவில்லை.

ஏரிக்கரையில் ஏறியதும் ஒத்திகை மறந்துபோனது. அக்கரை தெரியவில்லை. தண்ணீர் அப்படியே நின்றது. கடல் மாதிரி கத்தவில்லை, புரளவில்லை. நாரைகள் ஓரமாக நடந்தன, தூரத்தில் ஒருவர் ஓடத்தில் நின்று வலையை உதறினார். கரை மேலேயே ரோடு. நிழலுக்கு மரங்கள். காற்றில் என் முந்தானை நிற்கவில்லை.

"அழகா இருக்குல்லங்க?" என்றேன்.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இது நம்ம பக்கம் இருந்தா மூணு போகம் எடுக்கலாம்."

தலையில் அடித்துக்கொண்டேன். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக்காரரை ஏரிக்குக் கூட்டிப் போனால் இதுதான் நடக்கும். எங்கள் ஊருக்கு அப்பால் கடல்தான். மேலே இருப்பவர்கள் எல்லாரும் குடித்த பிறகு மிச்சம் எங்களுக்கு. அவருக்குத் தண்ணீர் என்றால் பார்க்கிற பொருள் இல்லை, வந்து சேர வேண்டிய பொருள்.

கரையோரம் ஓர் அம்மாள் கூடையில் கெண்டை மீன் வைத்திருந்தார். "ஏரி மீனு சேத்து வாடை அடிக்குமே" என்று நான் மூக்கைச் சுளித்தேன். "கடக்கரைக்காரங்களா? ஒங்களுக்கு உப்புத்தண்ணி மீனுதான் மீனு" என்று அந்த அம்மாள் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் என் கணவரைக் காணவில்லை.

மதகுக்குப் போயிருந்தார். காக்கிச் சட்டை போட்ட மதகு ஊழியர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஷட்டரைச் சுற்றும் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தபடியே கேள்வி மேல் கேள்வி.

"இங்க தொறந்தா கடைசி ஊருக்குத் தண்ணி போய்ச் சேர எத்தன நாளாவும்?"

"வாய்க்கா நல்லா இருந்தா சீக்கிரம் போயிடுங்க. பத்தலன்னா முறை வச்சுதான் விடுவோம். அஞ்சு நாளு இந்த வாய்க்கா, அஞ்சு நாளு அந்த வாய்க்கா."

"மொத முறை யாருக்கு?"

"கடைமடைக்குதான் மொதல்ல விடணும். மேல உள்ளவங்களுக்கு மொதல்ல விட்டா அப்புறம் கீழ போவாதுல்ல?"

"அப்புடிச் சொல்லுங்க!" என்று என் கணவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாழ்நாள் வழக்கு ஒன்றில் தீர்ப்பு கிடைத்த மாதிரி முகம். நான் வெயிலில் அரை மணி நேரம் நின்றேன். 'பொண்டாட்டியை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிவந்த லட்சணம்' என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

மத்தியானம் லால்பேட்டை கடைத்தெருவில் பிரியாணி சாப்பிட்டோம். "ரெண்டு பேரும் மெதுவா சாப்புடுங்க, பஸ்ஸு நெறைய இருக்கு" என்றார் கடைக்காரர். மெதுவாகத்தான் சாப்பிட்டோம். சாப்பிட்டு வெளியே வந்து தெருத்தெருவாக நடந்தோம். பச்சைக் கதவு வீடுகள், பூட்டிக் கிடந்த பெரிய பங்களாக்கள், ஐஸ் விற்கும் சைக்கிள். ஒரு வீட்டுச் சுவர் மேல் மாதுளை தொங்கியது. அவர் என் பக்கத்தில் நடந்தார். ஊரில் என்றால் நாலடி முன்னால்தான் நடப்பார். இதை நான் கவனித்துவிட்டேன் என்று தெரிந்தால் மறுபடி முன்னால் போய்விடுவாரோ என்று பயந்து ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு கடையில் நின்று வெற்றிலை ஒரு கவுளி வாங்கினார். பக்கத்துக் கொடிக்கால் வெற்றிலை, தொட்டாலே முறிகிறது. எங்கள் வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை.

"யாருக்குக் கல்யாணம்?" என்று கேலி செய்தேன்.

"ஆர்டர சாமிகிட்ட வைக்கணும்ல? வெறுமனேயா வைப்பாங்க?"

சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டே சொன்னார். இந்த மனுஷனோடு சண்டை போட ஒரு பை நிறைய வார்த்தை கொண்டுவந்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது.

நடந்து மறுபடி ஏரிக்கரைக்கு வந்து ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. அவர் தடுப்பார் என்று கோபப்பட்டுக்கொண்டிருந்தேனே, அது முழுப் பொய். தடுக்க வேண்டும் என்றுதான் நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் தடுத்தால் நான் போகாமல் இருந்துவிடலாம். பழியை அவர் தலையில் போட்டுவிட்டு, இன்னும் இருபது வருடம் சொல்லிக் காட்டலாம்.

"போவாதன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா நீங்க?" என்றேன்.

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சொன்னா நீ போவ மாட்ட. அதான் சொல்லல."

என்னால் அடக்க முடியவில்லை. ரோட்டில் போன சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார். என் கணவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தோள் துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"அழுவாத. முறை வச்சிக்குவோம்" என்றார்.

"என்ன முறை?"

"தண்ணிக்கு வைக்கிறாப்லதான். உளுந்து எடுத்துட்டா குறுவைக்கு வெத வுடுற வரைக்கும் எனக்கு வேல இல்ல. அப்ப நான் அங்க வரேன். வெத வுட்டுட்டா நகர முடியாது. அப்ப நீ லீவு போட்டுட்டு வா. ரெண்டு வருசந்தான."

சட்டைப் பையிலிருந்து ஓர் உரக்கடை ரசீதை எடுத்தார். பின்பக்கத்தில் அவருடைய கோழிக் கிறுக்கலில் ரயில் நேரங்கள். காரைக்காலிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து காக்கிநாடா, அங்கேயிருந்து பஸ். அந்த மூன்று நாள் வாயைத் திறக்காதவர், வியாழக்கிழமை உரம் வாங்கப் போன இடத்திலிருந்து ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்து எழுதி வந்திருக்கிறார்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மொத முறை யாருக்கு?" என்றேன்.

"அவருதான் சொன்னாரே. கடைமடைக்கு."

"அது யாரு?"

"நீதான். ஏனாமுக்கு அப்பால என்ன இருக்கு? கடலுதான?"

வெற்றிலைக் கட்டின் நார் அவிழ்ந்து சரிந்தது. மடிக்க ஏதாவது தாள் இருக்கிறதா என்று கேட்டார். கைப்பையைத் துழாவி, வேண்டாம் என்று எழுதிய கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். படிக்காமலேயே மடித்தார். படித்திருந்தாலும் படிக்காத மாதிரிதான் இருந்திருப்பார்.

வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தோம். டீ குடித்தோம். செல்போனில் ஒரு படம் எடுத்தேன். வழக்கம்போல போலீஸ் ஸ்டேஷனில் எடுத்த படம் மாதிரி விறைத்து நின்றார். பஸ்ஸுக்குக் கிளம்பி நாலடி வைத்தவர், நின்று ஏரியைத் திரும்பிப் பார்த்தார். எத்தனை போகம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"அழகாத்தான் இருக்கு" என்றார்.

திங்கட்கிழமை மற்றக் கடிதத்தைக் கொடுத்தேன். பங்குனியில் ஏனாமில் சேர்ந்தேன். மொழி தெரியாத ஊரில், மாடி அறையில், முதல் மாதம் எப்படிப் போனது என்பதை நான் யாருக்கும் சொன்னதில்லை. உளுந்து எடுத்த மறுவாரமே அவர் ஒரு மஞ்சள் பையோடும் ஒரு மூட்டை புழுங்கலரிசியோடும் வந்து இறங்கினார். பதினைந்து நாள் இருந்தார். நான் அலுவலகம் போன நேரத்தில் கோதாவரிக் கரையில் நடந்து, தெலுங்கு தெரியாமலேயே அங்கிருந்த விவசாயிகளிடம் வாய்க்கால் கதை பேசிவிட்டு வந்தார்.

ஊருக்குத் திரும்பிய அன்று பஸ் நிலையம் வரை போனேன். பஸ் நகர்ந்த பிறகுதான் அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். மொத்த பஸ் நிலையமும் திரும்பிப் பார்க்கும்படி, "அடுத்த முறை நெடுங்காட்டுக்கு!" என்று கத்தினார்.